நெறிகட்டியா, டிபியா, வைரஸ் புற்றா: கொப்பளித்துத் துப்பினால் தெரியுமா?

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. மூன்று மாதமாக வலது தாடை முனைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பிடுவதிலும் சிரமம் இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்தும் கரையவில்லை. ஊசி போட்டு எடுத்தபோது பழுப்பாக நீர் வந்தது. கட்டி அன்றைக்கே சுருங்கியது. மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் ‘சிதைந்த செல்கள், அழற்சி செல்கள், புற்றுச் செல் காணப்படவில்லை’ என்றிருக்கிறது. சிபிநாட் டெஸ்ட்டில் டிபி இல்லை. ஆனாலும் டிபி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். வைரஸாலும் தொண்டைப் புற்று வரும் என்று படித்துவிட்டு ஒரு லேபில் விசாரித்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும், ஹெச்.பி.வி. ரேபிட் டெஸ்ட், அன்றைக்கே ரிசல்ட் என்றார்கள். கொரோனாவுக்கு இருந்த மாதிரி இதற்கும் உடனே தெரிகிற டெஸ்ட் உண்டா? அவர் 12 வருடம் தினம் பத்து சிகரெட் பிடித்தவர். விட்டு ஒன்பது வருடமாகிறது. வைரஸ் இருந்தால் எனக்கும் பார்க்க வேண்டுமா? இது எப்படித் தொற்றும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. 14 வயதில் ஒரு மகன் இருக்கிறான்.
— மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அந்தக் கொப்பளிப்பு டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். டெஸ்ட் போலி என்பதால் சொல்லவில்லை. வாயில் வைரஸ் இருக்கிறதா என்பதை அது சொல்லும். உங்களுக்குத் தெரிய வேண்டியது கழுத்துக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். கட்டிக்குள் இருப்பதைக் கட்டியிலிருந்து எடுத்த செல்தான் சொல்ல முடியும். அதை ஒழுங்காக எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பதில் கிடைத்துவிடும். மூன்று மாதம் போனதற்குக் காரணம் ரேபிட் டெஸ்ட் இல்லாதது அல்ல, முதல் ஊசியில் போதுமான மாதிரி வராததுதான்.

கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல முடியாது. டிபியாகவும் இருக்கலாம், நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் டிபியை நினைப்பதில் தவறில்லை. ஆனால் நீங்கள் எழுதியவற்றில் சில விஷயங்கள் ஒன்றாகச் சேரும்போது கவனம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வலியில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிறது. இருப்பது தாடை முனைக்குக் கீழே, டான்சிலிலிருந்தும் அடிநாக்கிலிருந்தும் நிணநீர் வந்து சேரும் முதல் இடத்தில். எல்லாவற்றையும்விட, உள்ளே நீர் கோத்திருந்தது. எடுத்ததும் சுருங்கி, மறுபடி நிரம்பிவிட்டது. இருபது வயதுக்காரருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் பிறவியிலேயே வந்த பிரான்கியல் சிஸ்ட். ஐம்பது வயதுக்காரருக்கு அப்படி இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை புற்று பரவிய நெறியாகவே அதை நடத்த வேண்டும். ஊசி போட்டதும் கட்டி சுருங்கியதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர் வெளியேறியது, அவ்வளவுதான்.

வைரஸ் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான அதே ஹெச்.பி.வி. (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்) டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றை உண்டாக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் தொண்டையில் பத்துக்கு ஒன்பது 16-ஆம் வகையால் வருபவை. அந்த 16-ஐ 1983-இல் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் நடுத்தொண்டைப் புற்றுகளில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த வைரஸ்தான் காரணம். நம் நாட்டில் இன்னும் புகையிலையும் வெற்றிலைப் பாக்கும்தான் முன்னால் நிற்கின்றன. வைரஸின் பங்கு அதைவிட வெகு குறைவு. வைரஸால் வரும் புற்றுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மூலக்கட்டி டான்சிலின் குழிகளுக்குள் பட்டாணி அளவில் ஒளிந்திருக்கும். தொண்டையில் வலியோ விழுங்கச் சிரமமோ இருக்காது. கழுத்து நெறி மட்டும் நீர் கோத்துப் பெரிதாக வீங்கும். உங்கள் கணவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதை வைத்துத் தொண்டையைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது இதனால்தான்.

இனி அந்த ஊசிப் பரிசோதனைக்கு வருகிறேன். நீர் கோத்த நெறியில் கையால் தடவிப் பார்த்து ஊசி போட்டால், ஊசி நேராக நடுவிலுள்ள நீருக்குள் போய்விடும். அங்கே மிதப்பவை செத்த செல்களும் அவற்றைத் தின்ன வந்த வெள்ளை அணுக்களும்தான். உயிருள்ள புற்றுச் செல்கள் கட்டியின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக இருக்கும். ஆக ‘புற்றுச் செல் காணப்படவில்லை’ என்ற வரிக்கு ‘புற்று இல்லை’ என்று பொருளல்ல. ‘இந்த ஸ்லைடில் முடிவு சொல்லப் போதுமான செல் இல்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்க வேண்டும், ஆனால் வேறு விதமாக. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே 22 முதல் 25 கேஜ் மெல்லிய ஊசியால் முதலில் நீரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகு சுருங்கிய கட்டியின் சுவரிலும், உள்ளே கெட்டியாகத் தெரியும் பகுதியிலும் மூன்று நான்கு முறை குத்தி எடுக்க வேண்டும். கெட்டிப் பகுதி கணிசமாக இருந்தால் 18 கேஜ் தடித்த கோர் ஊசியால் சதைத் துணுக்கே எடுக்கலாம்.

எடுத்ததை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஸ்லைடில் தேய்த்துவிட்டால் அடுத்த பரிசோதனைக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டு ஸ்லைடு காற்றில் உலரவிட்டு, இரண்டு ஸ்லைடு ஆல்கஹாலில் போட்டு, மிச்சம் முழுவதையும் பத்து சதவீத ஃபார்மலினில் போட்டு ‘செல் பிளாக்’ செய்யச் சொல்ல வேண்டும். செல் பிளாக் என்பது உதிரிச் செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த கட்டி. அதிலிருந்துதான், வைரஸின் தடயத்தைக் காட்டும் பி16 போன்ற சாயப் பரிசோதனைக்கு மெல்லிய துண்டுகள் சீவ முடியும். அதற்கு ஃபார்மலினே நல்லது, ஆல்கஹாலில் பதப்படுத்தினால் பி16 சாயம் சரியாக ஏறாமல் ஏமாற்றக்கூடும். முதல் தடவை வந்த பழுப்பு நீரை லேப் கொட்டியிருக்கலாம். இந்தத் தடவை அந்த நீரையும் சுழற்றி, அடியில் தங்குவதை செல் பிளாக்கில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரேபிட் டெஸ்ட்டுக்கு உண்மையில் ஓர் இடம் இருக்குமானால் அது இங்கேதான், கொப்பளித்த நீரில் இல்லை. டிபிக்கு சிபிநாட் பார்த்த அதே ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்துக்கு ஹெச்.பி.வி. கார்ட்ரிஜும் உண்டு; நம் நாட்டில் உருவான ட்ரூநாட் கருவிக்கும் ஹெச்.பி.வி. சிப் இருக்கிறது. ஜீன்எக்ஸ்பர்ட்டில் பாதுகாப்புத் திரவத்தில் கலந்த மாதிரி 1 மி.லி.யைக் கார்ட்ரிஜில் ஊற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு. 14 வகைகளைப் பார்க்கிறது. 16-ஐத் தனியாகவும், 18, 45 இரண்டையும் ஒரே வரியிலும், மற்றவற்றைக் கூட்டாகவும் காட்டும். மனிதச் செல் போதுமான அளவு இருக்கிறதா என்று கூடவே ஒரு மனித மரபணுவையும் தேடும்; அது கிடைக்காவிட்டால் ‘செல்லாது’ என்று வரும். நீர் கோத்த நெறியில் இப்படி வருவது சகஜம். அதை நெகட்டிவ் என்று எண்ணிவிடாதீர்கள்.

சாதாரண நெறியில் ஹெச்.பி.வி. இருக்காது. ஆகவே நெறியிலிருந்து எடுத்த மாதிரியில் புற்றுச் செல்லும் 16-ஆம் வகையும் சேர்ந்து இருந்தால், மூலம் பெரும்பாலும் டான்சிலிலோ அடிநாக்கிலோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அறுவை மருத்துவர் எங்கே தேடுவது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கார்ட்ரிஜ் கர்ப்பப்பை வாய் மாதிரிக்கென்று செய்தது. நெறி மாதிரியில் பயன்படுத்த வேண்டுமானால் அந்த லேப் முன்கூட்டியே தன்னிடம் சோதித்துச் சரிபார்த்திருக்க வேண்டும். ‘கழுத்து ஊசி மாதிரியில் செய்து பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடலாம்; பி16 சாயம் அந்த இடத்தை நிரப்பும்.

பி16 என்பது வைரஸ் அல்ல, நம் செல்லிலேயே உள்ள புரதம். வைரஸின் ஈ7 புரதம் செல் பெருக்கத்துக்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தை அழித்துவிடும். பிரேக் பிடிக்கவில்லை என்று செல் தவித்து பி16-ஐக் கொட்டிக் குவிக்கும். அந்தக் குவியலைத்தான் சாயம் காட்டுகிறது. திசுவில் பாசிட்டிவ் என்று சொல்ல, புற்றுச் செல்களில் 70 சதவீதமாவது, அணுக்கருவும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் இரண்டுமே, நடுத்தரம் முதல் அழுத்தமாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் வெறுமனே ‘பி16 பாசிட்டிவ்’ என்றிருந்தால் எத்தனை சதவீதம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செல் பிளாக்கில் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை இன்னும் இல்லை.

பி16 ஒரு குறுக்குவழிதான்; சில சமயம் ஏமாற்றும். 7,654 பேரின் தரவைச் சேர்த்து 2023-இல் வெளியான ஆய்வில் 9.2 சதவீதம் பேருக்கு பி16 ஒன்றும் வைரஸ் பரிசோதனை வேறொன்றும் சொன்னது. பி16 பாசிட்டிவ், வைரஸும் பாசிட்டிவ் என்றால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 81 சதவீதம். பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றால் சுமார் 55. புகையிலைப் புற்றே அதிகமுள்ள நம் ஊரில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதால், பி16 வந்த பிறகு திசுவிலேயே வைரஸ் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. பரிசோதனையும் கேட்டு வாங்குவது நல்லது. திசுவில் வைரஸின் ஈ6, ஈ7 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. இருந்தால் வைரஸ் சும்மா குந்தியிருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொன்று: கன்னத்து உட்பகுதியிலோ நாக்கின் முன்பகுதியிலோ வரும் புற்றுக்கு பி16 பார்த்து ஆகப்போவது எதுவுமில்லை. பேக்கேஜில் இருக்கிறது என்பதற்காகச் சிலர் செய்துவிடுகிறார்கள்.

கொப்பளிப்புக்குத் திரும்புகிறேன். 10 மி.லி. உப்பு நீரையோ மவுத்வாஷையோ 30 விநாடி கொப்பளித்துத் துப்பி, அதில் பி.சி.ஆர். செய்வார்கள். அமெரிக்காவில் 14 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் 2009-10-இல் இப்படிப் பார்த்தபோது 6.9 சதவீதம் பேர் வாயில் ஏதோ ஒரு ஹெச்.பி.வி. இருந்தது, 16-ஆம் வகை நூற்றில் ஒருவருக்கு. அந்த நாட்டிலேயே இந்தப் புற்று ஆண்டுக்கு லட்சத்தில் சில பேருக்குத்தான் வருகிறது. அப்படியென்றால் பாசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று கிடையாது. வைரஸ் தானே வந்து தானே போய்விடும். நெகட்டிவ் வந்தால் நிம்மதி அடையவும் முடியாது. டான்சில் குழியின் ஆழத்தில் உள்ள கட்டி எச்சிலில் செல்லை உதிர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. உங்கள் கணவருக்கு எந்த விடை வந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. அப்படிப்பட்ட டெஸ்ட்டைச் செய்யாமலிருப்பதே மேல்.

விரல்நுனி ரத்தத்தில் கொரோனா கிட் போலப் பார்க்கும் முறை ஜெர்மனியில் வந்தது. அது 16-ஆம் வகையின் மேலுறையான எல்1 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும். தடுப்பூசியும் எல்1 புரதத்தால்தான் செய்யப்படுகிறது என்பதால் போட்டுக்கொண்டவரிடம் அந்த முடிவை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஈ6 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அதைவிட நம்பகமானது. நோய் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சிலர் ரத்தத்தில் அது இருந்திருக்கிறது. ஆனால் தொண்டையில் எதுவும் தெரியாத ஒருவரிடம் அது இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழிமுறை இல்லை. கட்டி ரத்தத்தில் உதிர்க்கும் வைரஸ் டி.என்.ஏ.வை எண்ணும் பரிசோதனை அமெரிக்காவில் இருக்கிறது. அதன் உண்மையான பயன் சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதில். அப்போதும் ஒரே ஒரு பாசிட்டிவை நம்பாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

ரத்தத்தில் பார்த்து வைரஸ் புற்றை முன்கூட்டிப் பிடிக்கவே முடியாதா என்றால், முடியும். ஹாங்காங்கில் 40 முதல் 62 வயதுள்ள 20,174 ஆண்களிடம் ஈ.பி.வி. என்ற வேறொரு வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடினார்கள். அந்த வைரஸ் மூக்குக்குப் பின்னால் உள்ள மேல்தொண்டையில் புற்று உண்டாக்குவது. முதல் சுற்றில் 1,112 பேருக்குப் பாசிட்டிவ். நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 309 பேரிடம்தான் நிலைத்திருந்தது. அவர்களை எண்டோஸ்கோப்பியும் எம்.ஆர்.ஐ.யும் செய்து பார்த்ததில் 34 பேருக்குப் புற்று. அந்த ஊரில் அந்தப் புற்று அதிகம், பாசிட்டிவ் என்றால் எங்கே பார்ப்பது என்றும் தெரியும். அதனால் பலித்தது. நம் நாட்டில் அந்த நோய் நாகாலாந்து பக்கம் அதிகம். உங்கள் கணவரின் மாதிரியில் முதிராத புற்றுச் செல்கள் தெரிந்தால், நோயியல் மருத்துவர் ஈ.பி.வி.க்கான சாயத்தையும் சேர்த்துப் பார்ப்பார்.

இரண்டு டாக்டர்கள் சொன்னதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிபிநாட் நெகட்டிவ் என்பதால் டிபி இல்லவே இல்லை என்று ஆகாது. அந்த மட்டில் முதல் டாக்டர் சொல்வது சரி. ஆனால் ஆதாரம் எதுவும் கிடைக்காமல் ஆறு மாத மருந்தை ஆரம்பித்துவிட்டால், கட்டி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ‘மருந்து வேலை செய்கிறது, பொறுங்கள்’ என்றே மாதங்கள் ஓடும். இரண்டாவது யோசனையை இப்போது ஏற்காதீர்கள். புற்று பரவிய நெறியை முதலிலேயே திறந்து எடுத்தால் கழுத்தில் தழும்பு கட்டி, தசைத் தளங்கள் கலைந்து, பின்னால் செய்ய வேண்டிய முழுமையான அறுவையும் கதிர்வீச்சும் சிக்கலாகும். சரியான ஊசியும் தொண்டைப் பரிசோதனையும் இரண்டுமே பதில் தராதபோதுதான் அது.

இந்த வாரமே தலை, கழுத்துப் புற்று பார்க்கும் இ.என்.டி. நிபுணரிடம் போங்கள். மூக்கு வழியாக வளையும் குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பதோடு, டான்சிலையும் அடிநாக்கையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கடினம் விரலுக்குத் தட்டுப்படும். பிறகு அல்ட்ராசவுண்ட் ஊசியும் செல் பிளாக்கும். புற்று என்று வந்து மூலம் தெரியாவிட்டால் பெட்-சிடி ஸ்கேன் எடுத்த பின்புதான் மயக்கம் கொடுத்து டான்சில் பயாப்ஸி. வரிசை மாறினால், பயாப்ஸி எடுத்த புண்ணே ஸ்கேனில் புற்றுபோல ஒளிர்ந்து குழப்பும். மெழுகுப் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; வேறு மருத்துவமனைக்குப் போனால் மறுபடி ஊசி போடாமல் அதிலேயே மிச்சப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். திசு பதமாகி மெழுகில் பதிய ஓர் இரவு வேண்டும். சாயம் ஏற்றுவது அரை நாள் வேலை. பி16 முடிவுக்கு நாலைந்து வேலை நாள் ஆவது தாமதம் அல்ல.

வைரஸ் புற்று என்றே வந்தாலும் ‘அப்படியானால் மருந்தைக் குறைத்துக்கொள்ளலாமே’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அப்படி சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதிலாக செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளியாயின. ஒன்றில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 84.6-இலிருந்து 77.9 சதவீதமாகச் சரிந்தது. கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் என்ற பழைய வழியே இன்னும் நம்பகமானது. சிகரெட் கணக்கை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பாக்கெட் இருபது என்று வைத்து, தினம் அரைப் பாக்கெட் பன்னிரண்டு வருடம் என்றால் ஆறு ‘பேக்-இயர்’. பத்துக்கு மேல் போனவர்களுக்கு வைரஸ் புற்றிலும் பலன் குறைகிறது. இவர் அதற்குக் கீழே இருக்கிறார். ஹான்ஸ், பாக்கு போட்ட பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களைப் பற்றி: உங்கள் தொண்டையில் எதையும் பரிசோதிக்க வேண்டாம். நோயாளிகளின் துணைவர்களின் வாயில் இந்த வைரஸ் மற்றவர்களைவிட அதிகம் இருப்பதாகக் காணவில்லை. வைரஸ் நுழைந்ததற்கும் புற்று தெரிவதற்கும் நடுவில் இருபது, முப்பது வருடம் கூட ஆகலாம். திருமணத்துக்கு முன்பா பின்பா, யாரிடமிருந்து யாருக்கு என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. உடலுறவு வழியாகப் பரவுவது என்றாலும், வாழ்நாளில் ஒரே ஒரு துணை உள்ளவருக்கும் வரக்கூடிய, மனிதர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது வாங்கிக் கடந்த தொற்று இது. அவரிடம் இதைக் கேட்டு ஒரு சண்டையை ஆரம்பிக்கும் நேரம் இதுவல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் பக்கத்தில் படுப்பதாலும் ஒட்டாது. 30 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களையும் போல நீங்களும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவருக்கு என்ன வந்தாலும் வராவிட்டாலும் அது தேவை.

மகனுக்குத் தடுப்பூசி போடலாம். 2023 ஜனவரியில் வந்த செர்வாவாக் உள்பட ஹெச்.பி.வி. தடுப்பூசிகள் 16, 18 வகைகளைத் தடுக்கும். ஏற்கெனவே தொற்றியதைக் குணப்படுத்தாது என்பதால் சிறு வயதே சரி. 15 வயது ஆவதற்கு முன் ஆரம்பித்தால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி; பிறந்த நாள் தாண்டிவிட்டால் மூன்று. அவனுக்கு 14 என்கிறீர்கள். முதல் ஊசியை பிறந்த நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.